1935: ஐரோப்பியக் கார்ப் பந்தயமும் ஒரு டயரும்



கார்ப் பந்தயம் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். 1999 முதல் 2017 வரை நம் செப்பாங் நகரிலேயே உலகப் பந்தயம் ஆண்டுதோறும் நடந்ததால், அந்தக் கார்கள் எப்படி இருக்கும் என்று பெரியவர்களுக்கும் ஓரளவு தெரியும். தரையோடு தரையாக ஒட்டிய உடல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு சக்கரங்கள், நடுவில் ஒரே ஒரு இருக்கை. இன்று நாம் பேசப்போவது, இந்த ஒற்றை இருக்கைக் கார்கள் ஐரோப்பாவில் வளர்ந்து வந்த காலத்தைப் பற்றி. குறிப்பாக 1935ஆம் ஆண்டுப் பந்தயப் பருவத்தைப் பற்றி.

எத்தனையோ ஆண்டுகள் இருக்க 1935 எதற்கு என்று கேட்கலாம். அந்த ஆண்டில் பணமும் இயந்திர பலமும் ஒரு பக்கம் நின்றன; பழைய கார் ஒன்றும் நாற்பதைத் தாண்டிய சிறிய மனிதர் ஒருவரும் மறுபக்கம் நின்றனர். இரண்டுக்கும் நடுவில் தீர்ப்புச் சொன்னது ஒரு ரப்பர் டயர். பால்மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கேட்க வேண்டிய கதை அல்லவா இது?

முதலில் பந்தயத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். ஆரம்ப காலத்துப் பந்தயக் கார்களில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஓட்டுவார்; மற்றவர் மெக்கானிக். வழியில் கார் பழுதானால் இறங்கிச் சரிசெய்வது அவர் வேலை. 1920களின் நடுவில் மெக்கானிக் உட்கார்ந்து வருவது நிறுத்தப்பட்டது. ஆனாலும் இரண்டு இருக்கை அகலமுள்ள உடல் சில ஆண்டுகள் நீடித்தது. 1932இல் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்துக்காக விட்டோரியோ யானோ என்னும் பொறியாளர், ஓட்டுநர் ஒருவர் மட்டுமே நடுவில் அமரும் காரை உருவாக்கினார். பி-3 என்பது அதன் பெயர். பெரும் பந்தயங்களுக்கு வந்த முதல் உண்மையான ஒற்றை இருக்கைக் கார் அதுதான் என்பார்கள்.

அந்நாளில் உலக வீரர் பட்டம் என்று ஒன்று இல்லை. அது 1950இல்தான் வந்தது. அதற்கு முன் இருந்தது ஐரோப்பிய வீரர் பட்டம். பல நாட்டு மோட்டார் கழகங்கள் சேர்ந்த சங்கம் ஒன்று அதை 1931, 1932 ஆண்டுகளில் நடத்தியது. இடையில் இரண்டாண்டு நின்றுபோய், 1935இல் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டில் பெல்ஜியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளின் பந்தயங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

புள்ளிக் கணக்கு நமக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும். முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாவதாக வந்தவருக்கு 2, மூன்றாவதாக வந்தவருக்கு 3. பின்தங்கியவர்களுக்கும் பாதியில் நின்றவர்களுக்கும் இன்னும் அதிகம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றி வீரர். பள்ளிக்கூடத்துத் தேர்வில் முதலாவது வந்த பிள்ளைக்கு 1 என்று எழுதுகிறோமே, அதே கணக்குத்தான்.

அடுத்து, காரின் எடையைப் பற்றி ஒரு விதி. கார்கள் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூடி ஆபத்தாகிக்கொண்டே போயின. ஆகவே 1934இலிருந்து, பந்தயக் காரின் எடை 750 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சங்கம் கட்டுப்பாடு விதித்தது. எடை குறைந்தால் இயந்திரமும் சிறிதாகும், இயந்திரம் சிறிதானால் வேகமும் அடங்கும் என்பது அவர்கள் எண்ணம். எரிபொருள், எண்ணெய், தண்ணீர், டயர் ஆகியவை இந்த எடையில் சேராது. இந்த டயரை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

விதி ஒன்று நினைத்தது, நடந்தது வேறு. 1933இல் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. தன் நாட்டின் இயந்திரத் திறமையை உலகத்துக்குப் பறைசாற்ற மோட்டார் பந்தயம் நல்ல கருவி என்று அந்த அரசாங்கம் கண்டுகொண்டது. மெர்சிடிஸ்-பென்ஸ், ஆட்டோ யூனியன் என்ற இரு நிறுவனங்களுக்கும் அரசாங்கப் பண உதவி கிடைத்தது. அவற்றின் பொறியாளர்கள் லேசான உலோகங்களைக் கொண்டு எடையைக் குறைத்து, 750 கிலோவுக்குள்ளேயே பெரிய இயந்திரத்தைப் பொருத்திவிட்டார்கள். மெர்சிடிஸ் கார் ஏறக்குறைய 400 குதிரைசக்தி கொண்டது. ஆட்டோ யூனியன் காரை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. பதினாறு சிலிண்டர் கொண்ட அதன் இயந்திரம் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. இத்தாலியரின் பி-3 காருக்கோ 260 குதிரைசக்தி அளவில்தான். இரண்டு காளை பூட்டிய வண்டிக்கும் மூன்று காளை பூட்டிய வண்டிக்கும் ஓட்டப்பந்தயம் வைத்ததைப் போல.

இனி ஆட்களைப் பார்ப்போம். மெர்சிடிஸ் அணியின் முதன்மை வீரர் ருடோல்ஃப் கராச்சியோலா. பெயரில் இத்தாலிய ஒலி இருந்தாலும் ஜெர்மானியர்தான். ரைன் நதிக்கரையில் ரெமாகன் என்னும் ஊரில் 1901இல் பிறந்தவர். 1933இல் மொனாக்கோவில் பயிற்சி ஓட்டத்தின்போது அவருடைய கார் சுவரில் மோதித் தொடை எலும்பு நொறுங்கியது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவே கூடியது. இனி இவர் கார் ஓட்டமாட்டார் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், பனிமலையில் சறுக்கி விளையாடச் சென்ற அவர் மனைவி பனிச்சரிவில் சிக்கி இறந்தார். உடலும் உள்ளமும் உடைந்த மனிதர், 1934இல் மெல்ல மெல்ல மீண்டும் ஓட்டத் தொடங்கினார். காலில் வலி இருந்துகொண்டேதான் இருந்தது.

எதிரணியில் இருந்தவர் தாஸியோ நுவோலாரி. வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகில் 1892இல் பிறந்தவர். உருவத்தில் சிறியவர், ஒல்லியானவர். ஆனால் மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது. 1932இல் ஐரோப்பிய வீரர் பட்டம் வென்றவர் அவர்தான். அதே ஆண்டு இத்தாலியக் கவிஞர் தனுன்சியோ அவருக்குத் தங்கத்தால் ஆன ஆமை ஒன்றைப் பரிசளித்தார். மிக வேகமான மனிதனுக்கு மிக மெதுவான விலங்கு! நுவோலாரி அந்த ஆமையையே தம் சின்னமாக வைத்துக்கொண்டார். 1935இல் அவர் ஓட்டியது ஆல்ஃபா ரோமியோ பி-3. அந்தக் கார்களைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்த அணியின் தலைவர் என்ஸோ ஃபெராரி. அவர் பெயரை இன்று சிறுபிள்ளைகளும் அறிவார்கள்.

பட்டத்துக்கான முதல் பந்தயம் ஜூலை 14ஆம் நாள் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் நடந்தது. கராச்சியோலா வென்றார். ஆனால் அவருடைய அணிக்குள்ளேயே ஒரு புகைச்சல். லூயிஜி ஃபாஜியோலி என்ற இத்தாலியரும் மெர்சிடிஸ் அணியில் ஓட்டினார். முதன்மை வீரரை முந்தாமல் பின்னால் வா என்பது அணி மேலாளர் ஆல்ஃபிரட் நொய்பவரின் கட்டளை. தன்மானம் மிக்க ஃபாஜியோலிக்கு அது பொறுக்கவில்லை. பந்தயத்தின் நடுவிலேயே காரை நிறுத்தி, மேலாளரோடு வாக்குவாதம் செய்து, இறங்கிப் போய்விட்டார். அந்தக் காரை மான்ஃபிரட் ஃபான் பிரௌகிச் ஏறி ஓட்டி இரண்டாவது இடத்தைப் பிடித்தார். வெளியே மக்கள் பார்ப்பது ஓட்டத்தை மட்டும்தான். உள்ளே யார் முன்னால் போகலாம், யார் போகக்கூடாது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். இது நமக்குப் புரியாத விஷயமல்ல.

இரண்டாவது பந்தயம் ஜூலை 28, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். மலையும் காடும் சூழ்ந்த ஐஃபல் பகுதியில் அமைந்த சாலை அது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த அந்த வட்டாரத்து ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்காகவும் சேர்த்து 1925இல் தொடங்கி, 1927இல் முடித்த பாதை. ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வளைவுகள், ஏற்றம், இறக்கம். 22 சுற்று ஓட வேண்டும். மொத்தம் 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

தங்கள் நாட்டுக் கார்கள் வெல்வதைக் காண ஜெர்மானிய மக்கள் லட்சக்கணக்கில் கூடியிருந்தார்கள். மெர்சிடிஸ் 5, ஆட்டோ யூனியன் 4, ஆக 9 ஜெர்மன் கார்கள். ஃபெராரி அணியின் மூன்று ஆல்ஃபா கார்களில் இரண்டு தொடக்கத்திலேயே பழுதாகி நின்றுவிட்டன. மிஞ்சியது நுவோலாரி ஒருவர்.

மழை பெய்து சாலை ஈரமாக இருந்தது. ஈரச் சாலையில் குதிரைசக்தியைவிடக் கைப்பக்குவம் பெரிது. நுவோலாரி ஒவ்வொருவராகப் பிடித்து, பத்தாம் சுற்றில் கராச்சியோலாவையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். கூட்டம் வாயடைத்து நின்றது.

பாதிப் பந்தயம் முடிந்ததும் எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் எல்லாக் கார்களும் உள்ளே வந்தன. பிரௌகிச்சின் காருக்கு மெர்சிடிஸ் ஆட்கள் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடித்து அனுப்பிவிட்டார்கள். நுவோலாரியின் நேரம் பாருங்கள்: எரிபொருள் பம்பின் கைப்பிடி உடைந்துபோயிற்று. தகர டின்களில் கொண்டுவந்து ஊற்ற வேண்டியதாயிற்று. 2 நிமிடம் 14 விநாடி போய்விட்டது. அவர் மீண்டும் சாலைக்கு வந்தபோது ஆறாவது இடத்தில் இருந்தார். முதலிடத்தில் பிரௌகிச்.

வேறொருவராக இருந்தால் மனம் தளர்ந்திருப்பார். நுவோலாரியோ முன்னே சென்ற கார்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். இனி இடைவெளியைக் குறைப்பதுதான் வேலை. ஒரு நிமிடத்துக்கு மேலிருந்த இடைவெளி சுற்றுக்குச் சுற்றுச் சுருங்கியது. பிரௌகிச்சும் சும்மா இருக்கவில்லை. அன்றைய பந்தயத்தின் மிக வேகமான சுற்றை ஓட்டியவர் அவரே. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. 400 குதிரைசக்தியும் பின்சக்கரங்கள் இரண்டின் வழியாகத்தான் சாலையில் இறங்குகிறது. ஒவ்வொரு முறை காரை முடுக்கும்போதும் பின் டயர்கள் சாலையில் தேய்கின்றன. வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தும்போதும் தேய்கின்றன. டயர் தேய்வது மேலாளர் நொய்பவருக்கும் தெரிந்துவிட்டது. உள்ளே அழைத்து டயர் மாற்றினால் முதலிடம் போய்விடும். மாற்றாவிட்டால் டயர் தாங்குமா? தாங்கும் என்று நம்பி விட்டுவிட்டார்கள்.

கடைசிச் சுற்று தொடங்கியபோது பிரௌகிச் 35 விநாடி முன்னால் இருந்தார். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மேல் முன்னால். இனி என்ன, வெற்றி கைக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள். சுற்றின் பாதி கடந்தபின் பிரௌகிச் காரின் பின் டயர் வெடித்துக் கிழிந்தது. நுவோலாரி அவரைத் தாண்டிச் சென்றார்.

எல்லைக் கோட்டருகில் வெள்ளி நிறக் காருக்காகக் காத்திருந்த கூட்டத்தின் முன் வந்து நின்றது சிவப்பு நிற ஆல்ஃபா. 4 மணி 8 நிமிடம் 40 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 121 கிலோமீட்டர். இரண்டாவது முதல் ஐந்தாவது வரை வந்தவை எல்லாம் ஜெர்மன் கார்களே: ஷ்டுக், கராச்சியோலா, ரோஸ்மயர், பிரௌகிச். கிழிந்த டயரோடு காரை இழுத்து வந்து சேர்த்த பிரௌகிச் தேம்பித் தேம்பி அழுதார். இத்தாலி வெல்லும் என்று எதிர்பாராததால் அந்நாட்டுத் தேசியகீதத்தின் இசைத்தட்டுகூட அங்கே தயாராக இல்லை என்று ஒரு கதை சொல்வார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பதை அன்று ஓர் அரசாங்கமே கண்டது.

இப்போது அந்த டயருக்கு வருவோம். 1935இல் உலகில் ஓடிய டயர்களில் பெரும்பாலானவை பால்மரத்துப் பாலிலிருந்து வந்த இயற்கை ரப்பரால் ஆனவை. வெட்டுக்காட்டில் விடியுமுன் மரத்தைச் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, அமிலம் ஊற்றி உறையவைத்து, தகடாக அழுத்தி, புகைக்கூடத்தில் காயவைத்து அனுப்பினால், அங்கே அதோடு கந்தகமும் கரித்தூளும் கலந்து சூடேற்றி, நூல் துணியின் மேல் பொதிந்து டயர் ஆக்குவார்கள். கந்தகம் கலந்து சூடேற்றினால் ரப்பர் உறுதிப்படும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். அந்த உறுதிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத்தான் நூர்பர்க்ரிங்கில் பிரௌகிச் தொட்டுவிட்டார்.

அந்நாளில் உலகத்திலேயே மிகுதியாக ரப்பர் விளைந்த நாடு மலாயா. தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்த ஒரு டயரின் ரப்பர் எந்த நாட்டு மரத்துப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஐரோப்பாவின் வேகத்துக்கும் நம் முன்னோரின் பால் வாளிக்கும் தொடர்பு இருந்தது என்பதில் ஐயமில்லை.

அதே ஆண்டுகளில் அவர்கள் நிலை என்ன? 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. சம்பளம் வெட்டப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934இல் பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ், சயாம் ஆகிய நாடுகளின் அரசாங்கங்கள் ஒப்பந்தம் செய்து ரப்பர் ஏற்றுமதிக்கு அளவு வைத்த பிறகே விலை மெல்ல எழுந்தது. நூர்பர்க்ரிங்கில் மக்கள் ஆரவாரம் செய்த அந்த ஜூலை மாதத்தில், இங்கே எவ்வளவு பால் வெட்டலாம் என்பது தொலைதூரத்து மேசை ஒன்றில் தீர்மானிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வெட்டியவரைக் கேட்டு அதை எவரும் தீர்மானிக்கவில்லை.

ஜெர்மனிக்கும் ரப்பர் ஒரு கவலையாகவே இருந்தது. தன்னிடம் பால்மரம் கிடையாது. போர் வந்தால் கடல்வழி அடைபடும். ஆகவே நிலக்கரியிலிருந்து செயற்கை ரப்பர் செய்ய முனைந்து, 1936இல் ஷ்கோபாவ் என்னும் ஊரில் பெரிய தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கியது. பந்தயத்துக்குக் கொடுத்த பணமும் ரப்பர் தொழிற்சாலைக்குக் கொடுத்த பணமும் ஒரே நோக்கத்தின் இரு கைகள் என்பது பிறகுதான் உலகத்துக்கு விளங்கிற்று.

எஞ்சிய மூன்று பந்தயங்களையும் பார்த்துவிடுவோம். ஆகஸ்டு 25இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கராச்சியோலா முதலாவது, ஃபாஜியோலி இரண்டாவது. ஆம், கோபித்துக்கொண்டு இறங்கிப்போன அதே ஃபாஜியோலி மீண்டும் வந்து ஓட்டினார். செப்டம்பர் 8இல் இத்தாலியின் மொன்ஸாவில் மெர்சிடிஸ் கார்கள் அத்தனையும் பாதியில் நின்றுவிட, ஆட்டோ யூனியனின் ஹான்ஸ் ஷ்டுக் வென்றார். அங்கே நுவோலாரியின் கார் பழுதாயிற்று. தம் அணித் தோழர் தெரேஃபுஸின் காரை வாங்கி ஓட்டி இரண்டாவதாக வந்தார். செப்டம்பர் 22இல் ஸ்பெயினின் சான் செபஸ்தியான் நகருக்கு அருகில் கடைசிப் பந்தயம். கராச்சியோலா, ஃபாஜியோலி, பிரௌகிச் என்று முதல் மூன்று இடமும் மெர்சிடிஸுக்கே. ஐந்தில் மூன்றை வென்ற கராச்சியோலா ஐரோப்பிய வீரர் ஆனார். அடுத்த ஆண்டே ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்தச் சாலையில் இந்தப் பெரும் பந்தயம் மீண்டும் நடக்கவில்லை.

ஆகவே நேயர்களே, 1935இன் பட்டம் பெரிய இயந்திரத்துக்குத்தான் போயிற்று. நுவோலாரி ஒரு நாள் வென்றார். ஆண்டு முழுவதும் வெல்ல அவரால் முடியவில்லை. இதை மறைத்துச் சொல்வது வரலாறு ஆகாது. திறமை ஒன்றே போதும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. நல்ல கருவியும், நல்ல பயிற்சியும், பின்னால் நின்று தாங்கும் கைகளும் வேண்டும். ஆனால் பட்டம் வென்றவரும் வெறும் இயந்திர பலத்தால் வென்றவர் அல்லர். குட்டையான காலோடும் ஆறாத துயரத்தோடும் அந்த இருக்கையில் போய் உட்கார்ந்தவர் கராச்சியோலா. 1937, 1938 ஆண்டுகளிலும் அவரே பட்டம் வென்றார்.

இடையில் 1936இன் பட்டத்தை வென்ற இளைஞர் ரோஸ்மயர், 1938 ஜனவரியில் நெடுஞ்சாலை ஒன்றில் வேகச் சாதனை செய்ய முயன்று உயிரிழந்தார். 1939இன் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்த வேளையில் உலகப் போர் வந்தது. அந்த ஆண்டின் பட்டம் முறையாக அறிவிக்கப்படாமலே போயிற்று. நுவோலாரி 1953இலும் கராச்சியோலா 1959இலும் காலமானார்கள். அந்தப் போர் இந்த மலாயாவுக்கும் வந்து, தோட்டத்து மக்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோன கதையை நம் குடும்பங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன; பால்மரத்தைப் பார்த்திராத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனாலும் பெரிய விமானங்களின் டயருக்கு இன்றும் இயற்கை ரப்பர்தான் பெரிதும் வேண்டியிருக்கிறது. வென்றவர் பெயரை ஏடுகள் எழுதி வைத்திருக்கின்றன; டயரைச் செய்த கம்பெனியின் பெயரும் அவற்றில் உண்டு. பால் வெட்டியவர் பெயர் மட்டும் இல்லை. வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு, எத்தனை மரம் வெட்டினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்த ஏட்டை நாம்தான் எழுத வேண்டும்.